கண்ணாடிக்குள் இருந்த மூன்று பேர்

எங்கள் ஊர்க் குறும்படக்காரர்களுக்குக் கண்ணாடி என்றால் பயம். படப்பிடிப்புக்கு ஒரு வீடு கிடைத்ததும் முதலில் நடக்கிற வேலை, அறைக்குள் நிற்கிற அலுமாரியின் கண்ணாடிக் கதவைப் பெட்ஷீற்றால் மூடுவது. மூட ஏலாவிட்டால் நாலு பேர் பிடித்து அலுமாரியையே சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார்கள். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று "தம்பியவை, அதின்ர கால் ஆடுது, மெல்லமாப் பிடியுங்கோ" என்று சொல்லிக்கொண்டு நிற்பா. பிறகு ஹோலில் இருக்கிற ஷோகேஸ், மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி, சுவரில் மாலையோடு தொங்குகிற தாத்தாவின் படம் வரைக்கும் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும். கடைசியில் படத்தைப் பார்த்தால் ஒருவரும் குடியிருக்காத வீடு மாதிரிக் கிடக்கும். தலை இழுக்கக் கண்ணாடி இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

கமரா தெரியாமல் கண்ணாடியை எடுப்பது எப்படி என்பது குறும்படப் பட்டறைகளில் தவறாமல் வருகிற கேள்வி. பதில் சொல்வது கஷ்டமில்லை, கீழே சொல்கிறேன். ஆனால் அதோடு சேர்த்துக் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வியை நாங்கள் கேட்பதில்லை. எந்தப் படத்தில் ஒளிக்கிறோம், யாரிடமிருந்து ஒளிக்கிறோம்? கதைப்படத்தில் கமராவை ஒளிப்பது தொழில். ஆவணப்படத்தில் அதையே செய்தால் சில நேரம் அது களவு. அந்தக் களவை நானும் ஒரு தடவை செய்தேன். அதனால்தான் இதை எழுதவேண்டி வந்தது.

முதலில் லேசான பக்கம். கரம் விளையாடத் தெரிந்தவருக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. ஸ்ரைக்கர் கட்டையில் என்ன கோணத்தில் போய்ப் படுகிறதோ அதே கோணத்தில்தான் மற்றப் பக்கம் திரும்பும். ஒளியும் அப்படியே. நேரே அடித்தால் நேரே உங்களிடம் திரும்பி வரும், சரித்து அடித்தால் மற்ற மூலைக்குப் போகும். கமராவைக் கண்ணாடிக்குச் சரிவாக வைத்தால் அது தன்னைக் காணாமல் அறையின் மற்ற மூலையைக் காணும். முக்கால்வாசிக் கண்ணாடி ஷொட்டுகளுக்கு இது போதும்.

சரிவாக வைக்க மனமில்லை, முகத்தை நேருக்கு நேர் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு விஷயம். கமராவைக் கண்ணாடிக்குச் சமாந்தரமாக வைத்தால் அதன் பிம்பம் எப்போதும் சட்டகத்தின் சரி நடுவில்தான் விழும். அப்படியென்றால், கண்ணாடி சட்டகத்தின் நடுவைத் தொடாமல் ஒரு கரையில் இருந்தால் கமரா அதில் விழ வழியே இல்லை. எனவே கமராவைத் திருப்பாமல், நேரே பார்த்தபடியே பக்கவாட்டில் நகர்த்துங்கள். கண்ணாடி ஒரு கரைக்குப் போய்விடும். 4கே-யில் எடுத்திருந்தால் எடிட் பண்ணும்போது அந்தக் கரையை மட்டும் வெட்டி எடுக்கலாம். 3840க்கு 2160 புள்ளிகள் உள்ள சட்டகத்துக்குள் 1920க்கு 1080 அளவில் நாலு சட்டகம் அடங்கும், தரம் குறையாது. வெட்டியபின் பார்க்கிறவருக்குக் கமரா கண்ணாடிக்கு நேர் முன்னால் நிற்பதுபோலவே தோன்றும். கண்ணாடிச் சட்டத்தின் விளிம்புகளும் கோணாமல் இருக்கும். இதைச் செய்வதற்கென்றே ஷிஃப்ட் லென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதை வாடகைக்குத் தேடி அலைகிற காசுக்கு எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு வாங்கலாம்.

இன்னும் மலிவான வழி, கண்ணாடியின் மேல் விளிம்புக்குப் பின்னால் மடித்த மட்டைத் துண்டொன்றைச் செருகுவது. கண்ணாடி 5 பாகை சரிந்தால் அதற்குள் தெரிகிற காட்சி 10 பாகை நகரும். கண்ணுக்கு அந்தச் சரிவு தெரியாது, ஆனால் கமரா மேலே ஏறி மறைந்துவிடும். கடைசி வழி, கமராவைத் தூர இருட்டில் வைத்துக் கறுப்புத் துணி ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டிப் போர்த்துவது. நடிகரில் மட்டும் லைற் விழுந்தால் பின்னாலிருக்கும் கறுப்பை ஒருவரும் தேடமாட்டார்கள். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: குவியம் கண்ணாடியில் இல்லை. கமராவிலிருந்து கண்ணாடிக்கு ஒன்றரை மீற்றர், கண்ணாடியிலிருந்து நடிகருக்கு ஒரு மீற்றர் என்றால், கமரா இரண்டரை மீற்றருக்குக் குவிய வேண்டும். ஓட்டோ ஃபோகஸை நம்பினால் அது கண்ணாடியில் ஒட்டியிருக்கிற பழைய ஒட்டுப்பொட்டை வடிவாகக் காட்டிவிட்டு நடிகையின் முகத்தை மங்கலாக்கிவிடும்.

அந்தப் பொட்டிலிருந்துதான் விஷயத்தின் உள்ளுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரு குறும்படத்தில் நடிகை சின்ன முகக் கண்ணாடி ஒன்றைப் பார்த்துப் பொட்டு வைக்கிற காட்சி. நான் உதவிக்கு நின்றேன். கமரா பக்கத்தில் இருந்தது. கண்ணாடிக்குள் அவவின் முகம் நிறைந்து தெரிந்தது, எங்களுக்குச் சரியான சந்தோஷம். ஆனால் மூன்று தடவை எடுத்தும் பொட்டு கோணலாகவே விழுந்தது. நாங்கள் எரிச்சல்பட, அவ சொன்னா: "எனக்கு இதில என்ர முகம் தெரியேல்லை. உங்கட கமராதான் தெரியுது."

சரிதானே. கண்ணாடியில் அவவின் கண் எங்களுக்குத் தெரிகிறதென்றால், அவவின் கண்ணுக்கு அதே இடத்தில் நாங்கள் தெரிவோம். ஒளி வருகிற வழியும் போகிற வழியும் ஒன்றுதான். சின்னக் கண்ணாடி என்றால் தன் முகத்துக்கு அதில் இடமே இருக்காது. வெலாஸ்க்வெஸ் வரைந்த வீனஸ் ஓவியம் ஒன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. முதுகு காட்டிப் படுத்திருக்கிற வீனஸ் கண்ணாடியில் தன் அழகைப் பார்க்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் அவளுடைய முகம் கண்ணாடியில் எங்களுக்குத் தெரிகிறபடியால் அவள் உண்மையில் பார்ப்பது எங்களை. உளவியல்காரர்கள் இந்த மயக்கத்துக்கு வீனஸ் விளைவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சினிமாவில் கண்ணாடி முன் தனிமையில் அழுகிற எத்தனையோ கதாநாயகிகள் இப்படித்தான் லென்ஸைப் பார்த்து அழுதவர்கள். பார்க்கிற எங்களுக்குத்தான் அவர்கள் தனிய. அவர்களுக்கு முன்னால் ஒரு கூட்டமே நின்றிருக்கும்.

கதைப்படத்தில் இதில் ஒரு பிழையுமில்லை. நடிகைக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், காசு கொடுத்துப் பார்க்கிறவருக்கும் தெரியும். அந்த ஒப்பந்தத்துக்குள் நின்று மனிதர்கள் செய்த வித்தைகள் கொஞ்சநஞ்சமில்லை.

எனக்குப் பிடித்தது, கண்ணாடியே இல்லாமல் செய்கிற வித்தை. 1931இல் ரூபன் மமூலியன் எடுத்த 'டொக்டர் ஜெகில் அன்ட் மிஸ்டர் ஹைட்' படத்தின் தொடக்கத்தில் கமராதான் ஜெகிலின் கண். அது போய்க் கண்ணாடி முன் நிற்கிறது. கமரா தெரியவேண்டிய இடத்தில் ஃபிரெட்ரிக் மார்ச்சின் முகம் தெரிகிறது. கண்ணாடி என்று நாங்கள் நம்புவது சுவரில் இருக்கிற ஒரு திறப்புத்தான், மார்ச் அதற்கு மறுபக்கம் நிற்கிறார். இரண்டு வருடம் கழித்து 'டக் சூப்' படத்தில் மார்க்ஸ் சகோதரர்கள் இதே விஷயத்தைச் சிரிப்பாக்கினார்கள். உடைந்துபோன கண்ணாடியின் இடத்தில் நின்று ஒருவர் மற்றவரின் பிம்பமாக நடிக்கிற காட்சி அது. இன்றைக்கும் சின்னப்பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மத்தியூ கசோவிட்ஸின் 'லா ஹேன்' (1995) படத்தில் இது வேறு கனத்தோடு வருகிறது. பாரிஸ் புறநகர்த் தொடர்மாடியில் பொலிஸின் அடிக்குள் வளர்கிற பெடியன் வின்ஸ், குளியலறைக் கண்ணாடி முன் நின்று 'டாக்ஸி ட்ரைவர்' ரொபர்ட் டி நீரோ மாதிரிச் சண்டித்தனம் பழகுகிறான். கமரா அவனுடைய பிடரிக்குப் பின்னால் நேரே நிற்கிறது, கண்ணாடியில் அதைக் காணோம். முதுகு காட்டி நிற்பவர் வேறொருவர். எங்களைப் பார்த்து நிற்பவர்தான் வின்சென்ட் கசெல். இரண்டு பேரும் ஒரே அசைவைச் செய்கிறார்கள். ஒருவனைப் பார்த்து ஒருவன் நடிக்கிற காட்சியை ஒருவரைப் பார்த்து ஒருவர் நடித்தே எடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சரியாகப் பிடித்தது. 'டெர்மினேட்டர் 2' இல் (1991) லிண்டா ஹமில்டனின் கூடப்பிறந்த இரட்டைச் சகோதரி லெஸ்லியைக் கொண்டுவந்து கண்ணாடியின் ஒரு பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒரு பக்கம் ஆர்னோல்டின் பொம்மை, மறுபக்கம் ஆர்னோல்ட். தியேட்டருக்குப் போன படத்தில் அந்தக் காட்சியே இல்லை, பிறகு வந்த நீட்டிய பதிப்பில்தான் பார்க்கலாம். எங்கள் ஊரிலும் இரட்டைப் பிள்ளைகள் இருக்கினம். ஆராவது செய்து பாருங்கோவன்.

ஆனால் எல்லாரும் கதைக்கிற கண்ணாடி ஷொட் ரொபர்ட் ஸெமெக்கிஸின் 'கொன்டக்ட்' (1997) படத்தில் இருக்கிறது. அப்பா கீழே விழுந்து கிடக்கிறார். சின்னப் பெட்டை மருந்தெடுக்க மாடிப்படியால் ஓடுகிறாள். கமரா அவளுக்கு முன்னால் பின்வளமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அவள் ஓடி வந்து கையை நீட்டுகிறாள், அப்போதுதான் நாங்கள் இவ்வளவு நேரமும் பார்த்தது குளியலறை மருந்து அலுமாரியின் கண்ணாடிக்குள் தெரிந்த பிம்பம் என்று விளங்குகிறது. கதவு சாத்தும்போது கண்ணாடியில் அவளும் அப்பாவும் இருக்கிற படம் வந்து நிற்கும். கண்ணாடி இருந்த இடத்தில் நீலத் திரையை வைத்து எடுத்து, ஓட்டத்தைத் தனியே எடுத்து, இரண்டையும் பிறகு பொருத்தியிருக்கிறார்கள். வித்தையை விளக்குகிற வீடியோக்கள் யூரியூப்பில் ஏராளம். அதெல்லாம் எப்படி என்பதைச் சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது. அந்தப் பிள்ளை எவ்வளவு ஓடினாலும் போய்ச் சேர முடியாத ஒரு இடத்துக்கு ஓடுகிறாள். நாங்கள் அந்த இடத்தில், கண்ணாடிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் அது நெஞ்சில் நிற்கிறது, கணினி வேலையால் இல்லை.

ஒரு சின்ன விலகல். கமரா மட்டுமா தெரியும், லைற்றும் தெரியும். கே. ஆசிப்பின் 'முகல்-எ-ஆசம்' (1960) படத்தில் மதுபாலா ஆடுகிற கண்ணாடி மண்டபத்தில் ஆயிரக்கணக்கான கண்ணாடித் துண்டுகள். எந்த லைற்றைப் போட்டாலும் எல்லாத் துண்டிலும் தெறித்துப் படம் வெளுத்துப் போனது. கண்ணாடிகளில் மெல்லிதாக மெழுகு பூசி, லைற்றை நேரே விடாமல் துணியில் தெறிக்கவைத்து ஒளிப்பதிவாளர் ஆர். டி. மாதூர் அதைச் சமாளித்தார். மெழுகும் துணியும். பட்ஜெட் இல்லை என்று அழுகிற எங்கள் ஆட்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது இதெல்லாம் பழங்கதை என்பார்கள். 'பிளாக் ஸ்வான்' (2010) படத்தில் நடனப் பயிற்சி அறை முழுக்கக் கண்ணாடி, அதற்குள் தெரிந்த கமராவையும் ஆட்களையும் கணினியிலேயே அழித்தார்கள். 2019இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளுக்குள் வேண்டாத ஒன்றைச் சுற்றிக் கோடு போட்டால் அதன் இடத்தைத் தானே நிரப்புகிற வசதி வந்துவிட்டது. மட்டைத் துண்டு தேடத் தேவையில்லை, அலுமாரியைத் திருப்பத் தேவையில்லை. எடுக்கும்போது ஒன்றும் யோசிக்கத் தேவையில்லை என்பதுதான் இதில் இருக்கிற கெடுதல்.

என் களவும் இந்த வசதியோடு தொடங்கியதுதான்.

வன்னியில் ஒரு அம்மா. மகன் 2009இல் போனவர், திரும்பவில்லை. அவவைப் பற்றிய சின்ன ஆவணப்படம் ஒன்றில் நானும் இன்னும் இரண்டு பேரும் வேலை செய்தோம். மகனின் சேட்டுகளை அவ அலுமாரிக்குள் மடித்து வைத்திருக்கிறா. வருசத்துக்கு இரண்டு தரம் தோய்த்துக் காயப்போட்டுத் திரும்பவும் மடித்து வைப்பா. அலுமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. அவ சேட்டுகளை எடுத்துக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தும்போது கண்ணாடி அறை முழுவதையும் தடவிக்கொண்டு வந்து நின்றது. 'கொன்டக்ட்' பார்த்துக் கெட்டுப்போன எங்களுக்கு அந்த ஷொட் கிடைத்ததில் உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரே குறை, கண்ணாடிக்குள் நாங்கள் மூன்று பேரும் தெரிந்தோம். ஒருவர் கமராவோடு குந்திக்கொண்டு, ஒருவர் மைக் தடியோடு, நான் யன்னல் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு.

இரண்டு இரவு இருந்து எங்களை அழித்தோம். சுவரின் பச்சை நிறத்தை எடுத்து நிரப்பினோம், யன்னல் கம்பிகளைத் திரும்ப வரைந்தோம். சுத்தமான வேலை. தெரிந்த ஆட்களுக்குக் காட்டினோம், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தோம்.

பிறகு அம்மாவுக்குக் காட்டப் போனோம். வாங்கிலில் லப்டொப்பை வைத்து, அவ கிட்ட இருந்து பார்த்தா. சேட்டுக் காட்சி வந்தது. கதவு சாத்துப்பட்டது. கண்ணாடியில் அவவின் முகம். முதுகை எங்களுக்குக் காட்டியபடி கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்து, "இவ்வளவுந்தான் பிள்ளையள் கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்து, "பிளேன்ரீ போடட்டோ?" என்று அவ கேட்ட இடம். படத்தில் அவ பார்க்கிற இடத்தில் பச்சைச் சுவர் மட்டும் இருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டா: "நீங்கள் எங்க பிள்ளை? அண்டைக்கு மூண்டு பேரும் இதிலதானே நிண்டனீங்கள். ஒருத்தரையும் காணேல்லை." நாங்கள் மென்பொருளைப் பற்றி விளங்கப்படுத்தத் தொடங்க, அவ இடைமறித்தா. "நான் தனிய நிண்டு கதைக்கிற மாதிரியெல்லே கிடக்கு. பாக்கிற சனம் மனிசிக்கு விசர் எண்டெல்லே சொல்லப்போகுது."

அவ சொன்னதுக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அவ எங்களோடுதான் கதைத்தா. அந்தச் சிரிப்பு எங்களுக்காகச் சிரித்த சிரிப்பு. பிளேன்ரீ எங்களுக்காகக் கேட்டது. எங்களை அழித்ததும் அந்தச் சிரிப்பும் கேள்வியும் போய்ச் சேர ஆளில்லாமல் நின்றுவிட்டன. விருந்தாளிகளை உபசரித்த ஒரு மனுசியை, வெறும் சுவரோடு கதைக்கிற மனுசியாக்கியிருந்தோம். அதுவும் மகனைத் தேடுகிற ஒரு தாயை. எங்கள் சட்டகம் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காக.

இது எங்கள் மூன்று பேரின் கெட்டித்தனம் மட்டுமில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அன்றுதொட்டு அந்தப் பந்தல்களுக்கு எத்தனையோ கமராக்கள் வந்து போய்விட்டன. வெளிவருகிற படங்களில் பெரும்பாலும் ஒரு தாய், ஒரு போட்டோ, கண்ணீர். முன்னால் நின்றவர், கேள்வி கேட்டவர், "இன்னொருக்கால் சொல்லுங்கோ அம்மா" என்று திரும்பச் சொல்ல வைத்தவர், ஒருவரும் அதற்குள் இல்லை. அந்த அம்மாக்கள் ஆகாயத்தைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அவர்கள் ஆகாயத்தைப் பார்த்து அழுபவர்கள் அல்ல. எதிரே இருக்கிற ஆளிடம் சொன்னால் ஏதாவது நடக்கும் என்று நம்பிச் சொல்பவர்கள். அந்த எதிரே இருக்கிற ஆளை வெட்டியெடுத்தால் முறைப்பாடு புலம்பலாகிவிடும்.

கமரா தன்னைத் தவிர்க்கப் படாதபாடு படவேண்டும். ஓவியருக்கு அந்தக் கஷ்டமே இல்லை, தன்னை வரையாமல் விட்டால் போதும். இருந்தும் யான் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னொல்ஃபினி தம்பதிகள் ஓவியத்தில், பின்சுவரில் தொங்குகிற குவிவாடிக்குள் வாசலில் நிற்கிற இரண்டு பேரைச் சின்னதாக வரைந்து வைத்தார். கண்ணாடிக்கு மேலே தான் இங்கே இருந்ததாகப் பெயரையும் ஆண்டையும் எழுதினார். கையெழுத்து மாதிரி இல்லை, சாட்சி வைத்த மாதிரி. சினிமாவில் அக்னெஸ் வர்தா தன் எண்பதாவது வயதில் எடுத்த 'தி பீச்சஸ் ஒஃப் அக்னெஸ்' (2008) படத்தைக் கடற்கரையில் நிறையக் கண்ணாடிகளை நாட்டித்தான் தொடங்குகிறா. கண்ணாடிகளைத் தூக்கிக்கொண்டு வருகிற பெடியள், கமராக்காரர், கடல், வர்தா எல்லாரும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிவார்கள். ஒருவரையும் ஒளிக்கவில்லை. அதனால் படம் கெட்டும் போகவில்லை.

அதற்காகக் கமரா தெரிந்தால் அது நேர்மையான படம் என்று நான் சொல்ல வரவில்லை. வறுமைப்பட்ட வீட்டுக்கு அரிசி மூட்டையோடு போய், வாங்குகிறவர் கும்பிடும்வரை காத்திருந்து எடுக்கிற யூரியூப் வீடியோக்களில் கமராக்காரர் நன்றாகவே தெரிவார். சொல்லப்போனால் அவரைத் தவிர வேறெதுவும் தெரியாது. இன்னொரு வகையும் இருக்கிறது. நடுக்கண்ணாடியில் தன் கமராவையும் தாடியையும் காட்டி, இது சுயவிமர்சனம் என்று விளக்கம் சொல்கிற படங்கள். டிசிகா வெர்டோவ் 1929இலேயே 'கமராவோடு ஒரு மனிதன்' படத்தில் கமராவைக் காட்டவேண்டிய அளவுக்குக் காட்டி முடித்துவிட்டார், தொண்ணூறு வருடம் கழித்து அதையே புதுமை என்று கொண்டுவரத் தேவையில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். படத்தில் இருக்கிறவர் யாரைப் பார்க்கிறார் என்று ஒருக்கால் பாருங்கள். நடிகை கண்ணாடியில் கற்பனையான தன்னைப் பார்க்கிறா என்றால் கமராவை ஒளியுங்கள், மட்டை செருகுங்கள், துணி போர்த்துங்கள், இரட்டையரைப் பிடியுங்கள். உண்மையான மனிதர் உண்மையாகவே உங்களைப் பார்த்துக் கதைக்கிறார் என்றால், ஒன்றில் எடுக்கும்போதே சரிந்து நின்று கண்ணாடிக்கு வெளியே போங்கள், அல்லது அதற்குள் இருங்கள். இருந்துவிட்டு, அவர் உங்களோடு கதைத்தபிறகு, வீட்டுக்குப் போய் உங்களை மட்டும் அழிக்காதீர்கள். சரிந்து நிற்பதும் அழிப்பதும் ஒன்றுதானே என்று எங்கள் மைக் பிடித்த நண்பர் இன்றைக்கும் சண்டைபிடிப்பார். ஒன்றில்லை. சரிந்து நின்றால் அவருடைய கண்ணும் உங்களை அந்தக் கண்ணாடியில் காணாது, வேறு இடத்தில்தான் தேடும். அழிக்கும்போது, அவர் கண்டதை இல்லை என்கிறீர்கள்.

இரண்டு மாதம் கழித்து, அழிக்காத ஷொட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். மைக் தடியின் நிழல் சுவரில் ஆடுகிறது, குந்தியிருப்பவரின் கால் சட்டகத்துக்குள் பாதி, நான் யன்னலடியில் பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்கிற பிள்ளை மாதிரி. அம்மா கதவு சாத்துகிற இடத்தில் நிற்பாட்டச் சொன்னா. லப்டொப் திரைக்குக் கிட்டக் குனிந்து ஒவ்வொருவராக விரலால் தொட்டுக் காட்டினா.

"இது கமராத் தம்பி. இது மற்றவர், அண்டைக்குச் சீனி வேண்டாமெண்டவர். இது நீ. ஏன் பிள்ளை இப்பிடிக் கையைக் கட்டிக்கொண்டு நிண்டனீ? இருக்கச் சொல்லிக் கதிரையெல்லே தந்தனான்."